ஊருக்கு வெளியே வீடா, ஊருக்குள்ளேயே வீடா?

சென்னையில் ஏழைகளுக்கு வீடு கட்ட அரசு தன் நிலத்தை இரண்டு விதமாகப் பயன்படுத்தியிருக்கிறது. ஒன்று, நகரின் தெற்கே புறநகரில் இருக்கும் பெரும்பாக்கம் வழி. இன்னொன்று, நகருக்குள்ளேயே இருக்கும் புளியந்தோப்பு கே.பி. பார்க் வழி.

பெரும்பாக்கத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரே வளாகத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளை எழுப்ப முடிந்தது. கூவம் கரைக் குடிசைகளில் இருந்தவர்களுக்குக் கான்கிரீட் கூரையும் தனிக் கழிப்பறையும் கிடைத்தன. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சிந்தாதிரிப்பேட்டையில் வீட்டு வேலை செய்த அம்மா, இப்போது விடியுமுன் சோற்றைக் கட்டிக்கொண்டு 20 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போக வேண்டும். ஒரு பேருந்து தவறினால் அன்றைய வேலையே போச்சு. நடந்தே போய்வந்த பள்ளியைப் பிள்ளைகள் பாதியில் விடுகிறார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருப்பதால், மழைக்காலம் வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

கே.பி. பார்க்கில், குடிசை மாற்று வாரியத்தின் பழைய குடியிருப்பை இடித்துவிட்டு அதே மண்ணில் அடுக்குமாடி கட்டினார்கள். கட்டி முடிக்கும்வரை குடும்பங்கள் வேறிடத்தில் தங்கியாக வேண்டும். மாடி உயர உயர லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் ஓயாத செலவு. 2021இல் சுவர்ப் பூச்சு உதிர்ந்து பெரிய சர்ச்சையும் ஆனது. தரத்தைக் கண்காணித்தால் அந்தக் குறையைச் சரிசெய்யலாம், தூரத்தை எந்தப் பொறியாளரும் குறைக்க முடியாது.

என் ஓட்டு இரண்டாவதற்கே. நகருக்குள் காலியாகும் அரசு குவார்ட்டர்ஸ், பழைய கிடங்கு எதையும் ஏலத்துக்கு விடுமுன், அங்கே எத்தனை வீடு கட்டலாம் என்று முதலில் கணக்குப் போடட்டும்.