வீடு புகுந்து திருடிய வழக்கு: எந்த எதிர்வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்?

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதற்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய தண்டனைச் சட்டத்தின் 457, 380 போன்ற பிரிவுகள்தான். குற்றப்பத்திரிகையில் உள்ள பிரிவைப் பார்க்காமல் எதிர்வாதத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. புதிய சட்டப்படி, திருடுவதற்காகப் பகலில் வீட்டை உடைத்துப் புகுந்தால் பிரிவு 331(3), 10 ஆண்டு வரை சிறை. பொழுது சாய்ந்து விடிவதற்குள் என்றால் 331(4), 14 ஆண்டு வரை. திறந்து கிடந்த வாசல் வழியே நுழைந்திருந்தால் 332, 7 ஆண்டு வரை. பூட்டை உடைத்தால்தான் வீட்டுடைப்பு என்ற நம்பிக்கை தவறு. தாழிட்டிருந்த கதவைத் திறந்து நுழைந்தாலே போதும்.

"நான் அங்கே இல்லவே இல்லை" என்பது நின்றுவிட்டால் வழக்கே விழும். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்கவே முடியாது என்று காட்ட வேண்டும்; சிசிடிவி பதிவின் நகலைக் கொடுத்தால் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ம் பிரிவின்படி சான்றிதழும் வேண்டும். உறவினர் சாட்சியை மட்டும் நம்பி இதில் இறங்குவது ஆபத்து. பொய் என்று வெளிப்பட்டால் மற்ற சாட்சியங்களுக்கு அது வலு சேர்த்துவிடும்.

"போனேன், திருடப் போகவில்லை" என்பது சொத்துத் தகராறு, பழைய பாக்கி போன்ற பின்னணி இருந்தால்தான் எடுபடும். குற்றம் செய்யும் நோக்கம் நிரூபிக்கப்படாவிட்டால் உச்சத் தண்டனை பகலுக்கு 2, இரவுக்கு 3 ஆண்டு என்று இறங்கலாம். நுழைந்ததை ஒப்புக்கொண்ட பிறகு முதல் வாதத்துக்குத் திரும்ப வழியில்லை.

பெரும்பாலான வழக்குகள் மீட்கப்பட்ட பொருளை நம்பியே நிற்கின்றன. அதனால் அதைத் தாக்குவதே அதிகம் பயன்படும். போலீசிடம் தந்த வாக்குமூலத்தில் பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டுமே செல்லும். திருட்டு நடந்த சில நாட்களிலேயே பொருள் கையில் இருந்தால், திருடியவர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். வாங்கியவர் என்று மட்டும் முடிவானால் 317-ன்படி 3 ஆண்டு வரைதான். கேட்க வேண்டியவை: எத்தனை நாள் கழித்து மீட்டார்கள்? யாரும் வந்துபோகும் இடமா? பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய மகஜரில் கையெழுத்திட்ட சாட்சிகள் உறுதியாக நிற்கிறார்களா? சோதனை வீடியோவில் பதிவானதா?

நேரத்தைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஊருக்குப் போன குடும்பம் மூன்று நாள் கழித்துத் திரும்பி உடைந்த பூட்டைப் பார்த்தால், அது இரவில்தான் உடைந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? ஆதாரம் இல்லாவிட்டால் 331(4) நிற்பது கடினம். மேலே சொன்ன எந்த வாதத்தோடும் இது மோதாது.