மோட்டார்ஹோமின் பின்னால் வரும் ஜீப்புக்கு எந்த பிரேக்?

வீடும் வண்டியும் ஒன்றான மோட்டார்ஹோமின் பின்னால் ஜீப் ராங்லரைக் கட்டி, அதன் நான்கு சக்கரங்களும் தரையில் உருள, அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஏழு ஆண்டுகளாகச் சுற்றி வருகிறோம். இதற்குள் ஜீப்புக்கென்று இரண்டு பிரேக் சாதனங்களை வாங்கிவிட்டேன். முதலில் வாங்கியது ஜீப்புக்குள் ஓட்டுநரின் காலடியில் வைக்கும் பெட்டி வகை; இப்போது இருப்பது டெம்கோ நிறுவனத்தின் ஏர் ஃபோர்ஸ் ஒன். முதல் முறை விலையை மட்டும் பார்த்து வாங்கினேன். மோட்டார்ஹோமில் இருப்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கா, காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக்கா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது பிறகுதான் விளங்கியது.

இவ்வளவு பெரிய வண்டிக்குப் பின்னால் வரும் ஜீப்புக்குத் தனி பிரேக் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ராங்லரின் எடை ஏறத்தாழ 4,000 பவுண்டு. பல பெட்ரோல் மோட்டார்ஹோம்களுக்கு அடித்தளமான எஃப்-53 சேஸிஸின் பிரேக்குகள் அந்த வண்டியின் சொந்த எடை வரம்புக்கு உரியவையே தவிர, பின்னால் இழுத்துச் செல்லும் காரையும் சேர்த்த மொத்த எடைக்கு உரியவை அல்ல என்று ஃபோர்டு நிறுவனமே சொல்கிறது. பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்டதை இழுத்தால் அதற்குத் தனி பிரேக் வேண்டும் என்பது சட்டமும்கூட. இரு வண்டிகளையும் இணைக்கும் டோ பார் கழன்றுவிட்டால் ஜீப்பைத் தானாக நிறுத்தும் பிரேக்அவே வசதியும் இந்தச் சாதனங்கள் வழியாகத்தான் கிடைக்கிறது.

எங்கள் முதல் வண்டி ஹைட்ராலிக் பிரேக் உள்ள எஃப்-53 என்பதால் பெட்டி வகை அதற்குப் பொருத்தமானதே. ஆனால் புறப்படும் ஒவ்வொரு காலையிலும் அதை ஜீப்புக்குள் தூக்கி வைக்க வேண்டும். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரில் தங்கியிருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) தீரும்வரை பிரேக் பெடலை நாலைந்து முறை மிதித்து, அது கல்லைப் போல இறுகிய பிறகு பெட்டியின் கையைப் பெடலில் கவ்வவிட்டு, பெட்டி பின்னால் நகராதபடி ஓட்டுநர் இருக்கையை அதன் முதுகில் முட்டும்வரை முன்னே தள்ளி, மின்சாரத்துக்கு 12 வோல்ட் சாக்கெட்டில் செருக வேண்டும். மழையில் பாதி உடல் வெளியே நனைய, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே நுழைத்துச் செய்யும் வேலை இது.

கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அதைக் கடந்து மேற்கே சில்வர்தார்னுக்கு இறங்கும் சாலையின் சரிவு 7 சதவீதம் வரை செல்லும். கீழே வந்து பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தியபோது ஜீப்பின் முன்சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்தது. டிஸ்க்குகள் நீலம் பாய்ந்திருந்தன. காலையில் இருக்கையை ஒரு பல் கூடுதலாக முன்னே தள்ளியிருக்கிறேன். அந்த அழுத்தத்தில் பெடல் வழி நெடுக இலேசாக மிதிபட்டே வந்திருக்கிறது. பிழை என்னுடையது, பெட்டியினுடையது அன்று. எனினும் ஜீப்பின் பெடல் இறங்கியவுடன் என் முன்னால் எரிய வேண்டிய சிறு விளக்குக்கு வயர் இழுக்காமல் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டதும் அதே நான்தான்.

பெட்டி வகையில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. வேகம் குறைவதை உணரும் சென்சார் கொண்டே இவற்றில் பெரும்பாலானவை வேலை செய்கின்றன. சரிவில் வண்டி முன்பக்கம் சாய்ந்தாலே அந்த சென்சாருக்கு அது பிரேக் பிடித்ததைப் போலத்தான் தோன்றும். எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தினால் அந்த உணர்வு இன்னும் கூடும். ஆகவே உணர்திறனைத் திருத்தி வைக்காமல் மலைப்பாதையில் இறங்குவது நல்லதல்ல.

பிறகு ஃபிரைட்லைனர் சேஸிஸில் அமைந்த, ஏர் பிரேக் உள்ள டீசல் வண்டிக்கு மாறினோம். பொருத்தும் கூலியையும் சேர்த்து ஏறத்தாழ 2,000 டாலர் கொடுத்து ஏர் ஃபோர்ஸ் ஒன்னை வைத்துக்கொண்டேன். நான் மிதிக்கும்போது மோட்டார்ஹோமின் பிரேக் குழாயில் எழும் காற்றழுத்தம் எவ்வளவோ, அதற்கேற்ப ஜீப்பின் பெடலில் பொருத்திய சிறு சிலிண்டர் பெடலை இழுக்கிறது. மெல்ல மிதித்தால் மெல்ல, அழுத்தி மிதித்தால் அழுத்தமாக. ஜீப்பின் எஞ்சின் அணைந்திருந்தாலும் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தை இதுவே உண்டாக்குகிறது. புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கில் இறங்கும்போது நான் பெடலைத் தொடுவதில்லை என்பதால் ஜீப்பின் பிரேக்கும் தொடப்படுவதில்லை. அதே சில்வர்தார்ன் இறக்கத்தில் இரண்டாம் முறை வந்தபோது சக்கரத்தருகே கையை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடுதான். காலை வேலையும் ஒரு காற்றுக் குழாய், ஒரு மின்கேபிள், சங்கிலிகள், பிரேக்அவே கம்பி என்ற அளவில் முடிந்துவிடுகிறது.

இதன் எல்லையும் தெளிவானது. ஏர் பிரேக் இல்லாத வண்டிக்கு இது உதவாது. காரை மாற்றினால் கார்ப் பக்கத்து வேலையைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஹைட்ராலிக் பிரேக் வண்டி வைத்திருந்து, பெட்டி தூக்கவும் விரும்பாதவர்கள் காருக்குள் நிலையாகப் பொருத்தும் ரோட்மாஸ்டரின் இன்விசிபிரேக்கையோ டெம்கோவின் ஸ்டே-இன்-பிளே டுவோவையோ பார்க்கலாம். இரண்டில் எனக்குப் பிந்தியதே பிடித்திருக்கிறது. பிரேக் விளக்கின் சிக்னலும் வேகக் குறைவும் சேர்ந்து வந்தால்தான் அது இயங்கும். ஆண்டுக்கு ஓரிரு பயணம் மட்டுமே போகிறவர்களுக்கும், காரை அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கும் பெட்டியே போதும். ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன், எஞ்சின் அணைந்த பின்னும் பிரேக் பூஸ்டர் இயங்குமா என்று விசாரிக்க வேண்டும். இயங்குமானால் சாதாரண அழுத்தமே சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும்.

எதை வாங்கினாலும் அந்தச் சிறு விளக்கின் வயரை அன்றைக்கே இழுக்கச் சொல்லுங்கள். இப்போது விளக்கு இருந்தும், முகாமிலிருந்து கிளம்பும்முன் என் மனைவி ஜீப்பின் கதவருகே நிற்பார். நான் பிரேக்கை மிதிக்கும்போது உள்ளே பெடல் இறங்குகிறதா, விட்டதும் முழுதாக மேலே வருகிறதா என்று பார்த்துக் கையை உயர்த்திய பிறகே வண்டியை நகர்த்துகிறேன்.