வங்கி ஏலத்தில் வீடு எடுக்கப் போகிறீர்களா? எனக்குப் போனது 10,25,000 ரூபாய்

நேற்று மத்தியானம் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. நான் கட்டிய 10,25,000 ரூபாயை வங்கி பறிமுதல் செய்துவிட்டதாம். ராத்திரி தூக்கமே இல்லை. ஏலத்துக்குப் போகும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

மறைமலை நகர் பக்கம் ஒரு தனி வீடு. வீட்டுக்காரர் கடனைக் கட்டாததால், அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமல் வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி ஏலத்துக்கு வந்தது. ஆரம்ப விலை 38 லட்சம். வெளியில் 55-க்குக் குறையாது, இரண்டு வருடம் வாடகைக்கு விட்டு விற்றுவிடலாம் என்று ஆசை காட்டியது ஏலச் சொத்துகளைத் தேடித் தரும் ஓர் ஆலோசனை அலுவலகம். அவர்களுக்குக் கட்டணம் தனியாக 45,000.

வீட்டைக் காட்டக் கூட்டிப் போனார்கள். கேட் பூட்டியிருந்தது. "காலி வீடு சார். சாவி பேங்க்ல இருக்கு, பணம் கட்டினதும் கையில கொடுத்துடுவாங்க" என்றார் கூட வந்தவர். ஆனால் வாசலில் கோலம். அன்று காலை போட்டது, தெளித்த தண்ணீர்கூடக் காயவில்லை. கேட்டேன். "பக்கத்து வீட்டம்மா போடுறாங்க சார், வாசல் வெறிச்சுனு கிடக்கக் கூடாதுன்னு." நம்பினேன்! என் அம்மா உடன் வந்திருந்தால், "அடுத்தவ வாசலுக்கு எவடா தினம் கோலம் போடுவா?" என்று அங்கேயே கேட்டிருப்பார்.

ஏல அறிவிப்பில் 'சிம்பாலிக் பொசஷன்' என்று தெளிவாகவே போட்டிருந்தது. அதாவது வீடு காகிதத்தில் மட்டும்தான் வங்கி கையில், நேரில் இன்னும் கடன் வாங்கியவர் வசம்தான். அதையும் காட்டிக் கேட்டேன். காபி வரவழைத்துக் கொடுத்து, "எல்லா நோட்டீஸ்லயும் போடுறதுதான் சார், ஃபார்மாலிட்டி" என்றார்கள். அந்தக் காபிதான் என்னைக் கவிழ்த்தது.

41 லட்சத்துக்கு எனக்கே விழுந்தது. முன்பணம் 3,80,000 ஏற்கெனவே கட்டியிருந்தேன். மறுநாளே 6,45,000 கட்டி, ஏல விலையில் உடனே கட்ட வேண்டிய 25 சதவீதத்தை நிரப்பினேன். மனைவியின் நகை, என் பி.எஃப். எல்லாம் அதில். மீதி 30,75,000-ஐ 15 நாளில் கட்ட வேண்டும். வீட்டுக்கடன் கேட்டுப் போன மூன்று இடத்திலும் ஒரே பதில்: "ஆள் குடியிருக்கிற வீட்டுக்குக் கடன் கிடையாது."

ஏலம் விட்ட வங்கியில் அழாத குறையாகக் கேட்டேன். ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் யாரும் கடன் தரவில்லை. "பார்வையிட தேதி கொடுத்திருந்தோமே, வந்தீங்களா?" என்றார் அதிகாரி. போகத் தேவையில்லை என்று சொன்னதும் அந்த ஆலோசனை அலுவலகம்தான்.

அங்கே போன் போட்டால் "சார் மீட்டிங்ல இருக்கார்." வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேரில் போய் உட்கார்ந்தேன். நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டினார்கள்: சொத்தின் நிலைக்கு வாடிக்கையாளரே பொறுப்பு. 45,000-க்கான ரசீதில் 'ஆவண உதவி' என்று இருக்கிறது. சாவி பற்றிப் பேசியவர் "வேலையை விட்டுப் போயிட்டார்." இந்த முறை காபி வரவில்லை.

கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், மீதி கட்டாதவரின் 25 சதவீதத்தை வங்கி எடுத்துக்கொள்வது செல்லும் என்று 2024-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்கிறார் வக்கீல். 10,25,000 ரூபாய்!

சரி, விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. சிம்பாலிக் என்று இருந்தால் தொடாதீர்கள். ஆளை வெளியேற்ற வங்கி சர்ஃபேசி சட்டத்தின் 14-ஆம் பிரிவில் கலெக்டரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ உத்தரவு வாங்க வேண்டும், அதற்குள் கடன் வாங்கியவர் டி.ஆர்.டி.யில் (கடன் மீட்புத் தீர்ப்பாயம்) கேஸ் போடலாம். முழுப் பணமும் கையில் இல்லாமல் ஏலம் கேட்காதீர்கள். வில்லங்கச் சான்றை நீங்களே போட்டுப் பாருங்கள். வங்கி கொடுத்த தேதியில் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். காலையில் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் தெருவில் நடந்து பாருங்கள்.

அடகுக் கடைக்கு வட்டி கட்டப் போக வேண்டும். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.