கிளவுடில் ஏழு வருடம்: ஒரு பனியன் கம்பெனிக் கணக்கு

எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகள் திருப்பூரில் சாயப்பட்டறை கட்டிக்கொண்டு தொழில் தொடங்குவதில்லை. நிட்டிங் ஓர் இடம், டையிங் ஓர் இடம், காம்பாக்டிங் ஓர் இடம் என்று துணியை அனுப்பி, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறோம். கிளவுட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: கம்ப்யூட்டரை ஜாப் ஒர்க்குக்கு விடுவது. மெஷினும் கரண்டும் அவர்களுடையது. ஓடிய மணிக்கும் பிடித்த இடத்துக்கும் நாம் கூலி தருகிறோம்.

2018 வரை எங்கள் ஆபீஸ் மூலையில் ஒரு சர்வர் இருந்தது. கட்டிங் டேபிளிலிருந்து வரும் பஞ்சு அதன் ஃபேனில் கம்பளி மாதிரி படியும்; மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுவேன். ஒரு திங்கட்கிழமை திறந்தால், ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத ஒரு வால், ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், திறக்கப் பணம் கொடு என்று திரையில் ஒரு அறிவிப்பு. பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் அதே மெஷினில்தான் செருகிக் கிடந்தது. அதுவும் போச்சு. ஆடிட்டரிடம் இருந்த மூன்று மாதப் பழைய காப்பியை எடுத்து, பில் புக்கையும் டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) கட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் கணக்கர் பதினெட்டு நாள் உட்கார்ந்து ஏற்றினார்.

அதன் பிறகுதான் டாலியை, அதாவது கணக்கு எழுதும் சாஃப்ட்வேரை, வாடகை மெஷினுக்கு மாற்றினோம். விலை குறைவு என்று முதலில் எடுத்தது வெளிநாட்டில் இருந்த மெஷின். எழுத்தைத் தட்டினால் ஒரு மூச்சு விட்டுத்தான் திரையில் விழும். வவுச்சர் போடுகிறவருக்கு அது சித்திரவதை. அமேசான் 2016-லேயே மும்பையில், மெஷின்களை வாடகைக்கு விடும் தன் மையத்தைத் திறந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்னையிலேயே இருக்கிறது. யாரிடம் எடுத்தாலும் மெஷின் எந்த ஊரில் என்று முதலில் கேளுங்கள். நாங்கள் மும்பைக்கு மாறியதும் அந்தத் தொல்லை போனது.

"தம்பி, கம்ப்யூட்டர் பம்பாய்ல இருக்குங்கறீங்க. இங்க கரண்டு போனா என்னங்க பண்றது?" என்றார் கணக்கர். கரண்டு போனால் லேப்டாப் பேட்டரி தாங்கியது. ஜே.சி.பி.யைத்தான் யாரும் நினைக்கவில்லை. சாக்கடைக்குத் தோண்டியவர்கள் ஃபைபரை அறுத்தது 20-ஆம் தேதி, ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்குக் கடைசி நாள். போன் ஹாட்ஸ்பாட்டில் ஒருவழியாக முடித்தோம். இப்போது இரண்டு கம்பெனி லைன்கள், ஒன்று வேறு தெரு வழியாக வருகிறது.

99.9 சதவீதம் ஓடும் என்று விளம்பரத்தில் பார்த்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று அர்த்தம். அதற்கு மேல் நின்றால் பெரும்பாலும் பில்லில் கொஞ்சம் கழிப்பார்கள், அவ்வளவுதான். அன்று போகாமல் நின்ற லோடுக்கு அவர்கள் பொறுப்பில்லை.

என் பெரிய ஆதங்கம் பில். ஸ்டாக் சாஃப்ட்வேர் ஒன்றைச் சோதிக்க இன்னொரு மெஷின் எடுத்தோம், பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டோம். நிறுத்தினால் மெஷின் வாடகைதான் நிற்கும், அதன் டிஸ்க் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும் என்பது பதினோரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தினசரி ஸ்னாப்ஷாட் (டிஸ்க் அன்று இருந்தபடி எடுத்து வைக்கும் காப்பி) எத்தனை நாளைக்கு வேண்டும் என்றும் யாரும் குறிக்கவில்லை; அது பாட்டுக்குக் குவிந்திருந்தது. 4,200 ரூபாய் பில் 9,000-ஐத் தாண்டியிருந்தது, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. (அது இன்புட் வரியாக நாங்கள் கட்டும் ஜி.எஸ்.டி.யில் கழிந்துவிடும், சரி.) பட்டறையில் கிடக்கும் லாட்டுக்கு டையிங்காரர் வாடகை கேட்பதில்லை. இவர்கள் கேட்பார்கள்.

இன்னொன்று வலித்தது. பையர் ஆர்டர் ஷீட், பேட்டர்ன் எல்லாம் ஆன்லைன் ஃபோல்டரில் இருந்தன. ஆபீஸ், போன், வீடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியும். மெர்ச்சன்டைசர் தம்பி போனில் இடம் இல்லையென்று ஒரு ஃபோல்டரை அழித்தார். எல்லா இடத்திலும் அழிந்தது. குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். ரிப்பீட் ஆர்டர் வந்தது இரண்டு மாதம் கழித்து. பேட்டர்ன் மாஸ்டர் பீரோவிலிருந்த அப்ரூவ்டு சாம்பிளை எடுத்து, இன்ச் டேப்பால் கழுத்து, ஆர்ம்ஹோல் என்று அளந்து முதலிலிருந்து வரைந்தார். அது வெறும் சிங்க், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைப்பது மட்டும்தான்; தனிக் காப்பியாக இருக்கும் பேக்கப் அல்ல.

ஆனாலும் பழைய சர்வருக்குத் திரும்ப மாட்டேன். மார்ச் மாதம் ஆடிட்டர் அவர் ஆபீசிலிருந்தே கணக்குக்குள் வருகிறார். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் மெமரியைக் கூட்டி, ஏப்ரலில் குறைத்துவிடுகிறோம். வேலையை விட்டு ஒருவர் போனால் அன்று மாலையே அவர் லாகினை நிறுத்துகிறேன். மாதம் 3-ஆம் தேதி பில்லை வரி வரியாகப் படிக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கூலிப் பட்டுவாடா முடிந்ததும் கணக்கர் ஒரு காப்பியை டவுன்லோடு செய்து, டிஸ்க்கைக் கழற்றி, செக் புக் இருக்கும் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்.