நியோபிரீன் என்று சொல்லி விற்கப்பட்ட பால் ஜாயிண்ட் உறைகள்

பழைய கார் ஒன்றைச் சீரமைத்துவரும் எனக்கு, அதன் முன்புற பால் ஜாயிண்டுகளைவிட (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டுகள்) அவற்றை மூடும் ரப்பர் உறைகள்தாம் பெரிய தொல்லையாக இருந்தன. ஜாயிண்டுகள் நல்ல நிலையில் இருந்தன. ஆனால் அவற்றின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், கெட்டால் மாற்று கிடைப்பது அரிது. எனவே உறைகளை மட்டும் விற்ற ஒருவரிடம், அவை எந்த ரப்பரால் ஆனவை என்று எழுத்து மூலமாகவே இருமுறை கேட்டேன். நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பர், கிரீஸைத் தாங்கும் என்று இருமுறையும் பதில் வந்தது.

உறைகள் கச்சிதமாகப் பொருந்தியதால் எனக்குச் சந்தேகம் எழவில்லை. வழக்கமான லித்தியம் கிரீஸை நிரப்பிப் பூட்டினேன். நான்காம் மாதம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தட்டல் ஓசை கேட்கவே கழற்றிப் பார்த்தேன். உறைகள் ஊதிப் பெருத்து, பிசுபிசுத்து, வளையத்திலிருந்து நழுவியிருந்தன. உள்ளே மண்ணும் நீரும் புகுந்து, ஒரு ஜாயிண்டின் உருண்டைப் பகுதியில் துரு அரித்துக் குழிகள் விழுந்திருந்தன.

மீதமிருந்த ஓர் உறையை வெட்டி, ஒரு துண்டை எஞ்சின் ஆயிலிலும் மற்றொன்றை டாட் 4 பிரேக் ஆயிலிலும் ஒரு வாரம் ஊறவைத்தேன். எஞ்சின் ஆயிலில் கிடந்த துண்டு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருத்து மெத்தென்று ஆகிவிட்டது. பிரேக் ஆயிலில் இருந்தது அப்படியே இருந்தது. எஞ்சின் ஆயில், கிரீஸ் போன்றவற்றிலுள்ள கனிம எண்ணெயில் நியோபிரீன் சற்றே பெருக்கலாம், இந்த அளவுக்கு ஆகாது. இயற்கை ரப்பர், ஈபிடிஎம் என்னும் மற்றொரு செயற்கை ரப்பர் போன்றவைதான் இப்படி ஆகும். படங்களுடன் இதை விற்றவருக்கு அனுப்பியபோது, நான் தவறான கிரீஸைப் போட்டதாகச் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். கிரீஸுக்கு நடுவிலேயே வாழ வேண்டிய ஒரு பொருளை விற்றவர் சொன்ன இந்தப் பதிலைத்தான் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

பெட்டி பிரிக்காத அசல் பழைய சரக்கு என்று வேறொருவர் காட்டியவற்றையும் நான் வாங்கவில்லை, ஏனெனில் மடிப்புகளை விரித்துப் பார்த்தபோது மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. காற்றிலுள்ள ஓசோன், பயன்படுத்தாத ரப்பரையும் வெடிக்கச் செய்யும்.

பிரேக் பாகங்களில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். பிரேக் ஆயில் என்று நாம் அழைத்தாலும் டாட் 3, டாட் 4 திரவங்கள் கனிம எண்ணெய் அல்ல, கிளைகால் வகையைச் சேர்ந்தவை; அவற்றுக்கு ஈபிடிஎம் ஏற்றது, ஆயில் சீல்களில் பரவலாக உள்ள நைட்ரைல் ரப்பர் ஏற்றதல்ல. ஆகவே அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சக்கரத்தில் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டருக்குக் கையில் கிடைத்த ரப்பரைப் போட்டுவிடாதீர்கள்.

இறுதியில் ஜாயிண்ட் தண்டின் விட்டம், உறை அமரும் பள்ளத்தின் விட்டம், சக்கரத்தை முழுதாகத் திருப்பிய நிலையில் தேவைப்படும் உயரம் ஆகிய மூன்றையும் அளந்து, அதே அளவுள்ள வேறொரு வாகனத்தின் உறைகளை வாங்கினேன். கூடுதலாக ஒன்றை வாங்கி, அதை வெட்டி ஊறவைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றைப் பொருத்தினேன். துரு அரித்த ஜாயிண்டுக்கு மட்டும் மாற்று இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை காரை ஓட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.