எந்த வயருக்குக் காசு கொடுக்கலாம்?

ஹோம் தியேட்டருக்கு வயர் வாங்க, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பும் முன், கொடிக்கயிறு ஒன்றை எடுத்து ஹாலை அளந்துவிடுங்கள். நேர்க்கோட்டில் அளந்தால் போதாது. சுவர் ஓரமாக, கதவு நிலையைச் சுற்றி, வயர் எப்படிப் போகுமோ அப்படியே அளக்க வேண்டும். வேளச்சேரியில் எங்கள் ஹாலின் நீளம் பதினாறு அடிதான். ஆனால் பின்பக்க ஸ்பீக்கருக்கு வயர் பத்து மீட்டர் ஓடியது. நீளம் தெரியாமல் போய் நின்றால் கடைக்காரர் சொல்வதுதான் அளவு, அவர் எடுத்துக் கொடுப்பதுதான் வயர்.

முதலில், டிவிக்குப் படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோகும் ஹெச்டிஎம்ஐ கேபிள். ஒரே நீளத்துக்குச் சாதாரண கேபிளும் இருக்கும், தங்க முலாமும் நைலான் பின்னலும் போட்டுப் பல மடங்கு விலை சொல்லும் கேபிளும் இருக்கும். உள்ளே போவது டிஜிட்டல் சிக்னல். சரியாகப் போய்ச் சேர்ந்தால் இரண்டிலும் படம் ஒன்றேதான். சேராவிட்டால் திரையில் புள்ளி மின்னும், படம் விட்டுவிட்டு வரும். விலை கூடினால் நிறம் ஆழமாகும் என்பது கதை. பார்க்க வேண்டியது தரம். 4கே படம் நொடிக்கு 60 ஃபிரேமில் ஓட நொடிக்கு 18 ஜிகாபிட் தரவு தாங்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' போதும். புது கேம் கன்சோலை 120 ஃபிரேமில் ஓட்டுபவர்களுக்குத்தான் 48 ஜிகாபிட்டின் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' தேவை. உறையில் ஹெச்டிஎம்ஐ அமைப்பின் ஹாலோகிராம் லேபிள் இருந்தால் அதை அவர்களுடைய செயலியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம். வெறுமனே '2.1' என்று ஹெச்டிஎம்ஐ பதிப்பு எண்ணை அச்சடித்திருப்பது சான்று ஆகாது.

இரண்டு மூன்று மீட்டருக்குள் என்றால் லேபிள் உள்ள சாதாரண கேபிளை வாங்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். புரொஜெக்டருக்காக ஃபால்ஸ் சீலிங் வழியாகப் பத்துப் பதினைந்து மீட்டர் இழுக்கும்போதுதான் செலவுக்கு அர்த்தம் வருகிறது. அவ்வளவு தூரத்துக்குச் செம்புக் கேபிள் தடுமாறும், ஒளியிழை வழியாக அனுப்பும் ஃபைபர் ஹெச்டிஎம்ஐ வேண்டும். அதில் ஒரு முனை பிளேயருக்கு, மறுமுனை திரைக்கு என்று குறித்திருப்பார்கள். சீலிங்கை மூடிய பிறகு முனை மாறிப்போனது தெரிந்தால் தச்சரிடம் என்ன சொல்வது?

டிவியின் ஒலியை ஆம்பிளிஃபயருக்கோ சவுண்ட்பாருக்கோ கொண்டுபோக ஹெச்டிஎம்ஐ கேபிளிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி, தனி ஆப்டிகல் கேபிள் என்று இரண்டு வழி. நான் ஏஆர்சி பக்கம். ஆப்டிகலில் பழைய டால்பி டிஜிட்டல் 5.1 போகும். ஆனால் ஓடிடி தளங்களில், தலைக்கு மேலிருந்தும் கேட்பது போன்ற அட்மாஸ் ஒலியைச் சுமந்து வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் போகாது. ஏஆர்சியில் போகும். புளூ-ரேயின் ட்ரூஹெச்டி ஒலியை டிவி வழியாக அனுப்ப வேண்டுமென்றால் டிவி, ஆம்பிளிஃபயர் இரண்டிலும் ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இருக்க வேண்டும். அதோடு, ஏஆர்சியில் டிவி ரிமோட்டே ஒலியையும் கூட்டும் குறைக்கும். அம்மாவுக்கு இரண்டு ரிமோட் பஞ்சாயத்து தீர்ந்தது அதனால்தான். ஆப்டிகலுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அதில் மின்சாரம் ஓடாது, வெளிச்சம்தான் ஓடும். கேபிள் டிவி இணைப்பு வழியாக 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வந்தால் அதை ஆப்டிகல் தடுத்துவிடும்.

இனி ஸ்பீக்கர் வயர். நான் ஏமாந்தது இங்கேதான். ஒரு கடையில் 'ப்யூர் காப்பர்' என்று பாதி விலைக்கு ஒரு சுருள் கிடைத்தது. கையில் எடுத்தபோதே லேசாக இருந்தது, ஆசை கண்ணை மறைத்தது. ஒரு வருடத்தில் ஸ்பீக்கர் முனையில் இழைகள் ஒடிய ஆரம்பித்தன. பிளேடால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு! எடை குறைவாக இருப்பது முதல் அடையாளம், சுரண்டினால் வெள்ளை தெரிவது இரண்டாவது. ஒரே தடிமனில் செம்பைவிட அதற்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல்.

தடிமனை எலக்ட்ரீஷியன் 'ஸ்கொயர்' கணக்கில் சொல்வார், அதாவது செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். பத்து மீட்டர் தூரம் என்றால் போக வர இருபது மீட்டர் செம்பு. ஒன்றரை ஸ்கொயரில் அதன் தடை கால் ஓமுக்குச் சற்றுக் குறைவு. செட்டோடு இலவசமாக வருவது போன்ற அரை ஸ்கொயர் நூல் வயரில் அது 0.7 ஓம் அளவுக்கு ஏறிவிடும். வயரின் தடை ஸ்பீக்கரின் ஓமில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். அதாவது 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 வரை. ஆகவே 8 ஓமுக்கு ஒன்றரை ஸ்கொயர் தாராளம், 4 ஓம் என்றால் இரண்டரை ஸ்கொயர் போடுங்கள். 'ஆக்சிஜன் ஃப்ரீ' என்ற பெயருக்காகக் கூடுதலாகக் கொடுப்பதைவிட, எலக்ட்ரிக்கல் கடையில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள இரண்டு கோர் செம்பு ஃபிளெக்சிபிள் வயர் கேளுங்கள். காதுக்கு வித்தியாசம் தெரியாது. நான் இப்போது ஓட்டுவது அதைத்தான்.

ஸ்பீக்கர் வயர் முனையில் மாட்டிச் செருகும் பனானா பிளக்கா, வெறும் வயரா? ஒலியில் இரண்டும் ஒன்று. ஆனால் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் காற்றில் திறந்திருக்கும் செம்பு பச்சை பூத்துவிடும். அங்கே தங்க முலாம் பூசிய பிளக்குக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. உள்ளே தள்ளி இருப்பவர்கள் முனையை முறுக்கி மாட்டினால் போதும்.

கடைசியாக, ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்வார்கள். இன்றைய டிவிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளிக்கும். பின்பக்க ஸ்டிக்கரில் எழுதியிருக்கும், பாருங்கள். கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்பிளிஃபயருக்கு, கோடையில் வோல்டேஜ் இறங்கும் தெருவில், ஸ்டெபிலைசர் நியாயம்தான். மற்றவர்களுக்கு எவ்வளவு ஆற்றல் தாங்கும் என்று ஜூல் அளவு போட்ட, திடீர் வோல்டேஜ் எகிறலைத் தடுக்கும் நல்ல சர்ஜ் புரொடெக்டர் போதும், எர்த் சரியாக இருந்தால். ஐப்பசியில் இடி விழும் இரவுகளில் நான் அதையும் நம்புவதில்லை, பிளக்கையே பிடுங்கிவிடுகிறேன். கேபிள் டிவி ஒயரையும் சேர்த்து.