வஜாலேல கடை போடலாமா, பெலெத் ஹாவோல போடலாமா?

துபாய்ல தேராங்கிற ஏரியால ஒரு மொத்தக் கடைல நாலு வருஷம் பில்லு போட்டவன் நான். சோமாலி பார்ட்டிங்க வந்தா அரிசி, டயப்பர், சட்டை, பழைய போன்னு எல்லாத்தையும் கலந்து கட்டி வாங்குவாங்க, எந்த போர்ட்டுன்னு கேட்டா பெர்பெரா, சரக்கு அங்கயே வித்துடுமான்னு கேட்டா சிரிச்சிட்டு "வஜாலே"ன்னு சொல்லுவாங்க. அப்ப புடிச்ச கிறுக்குதான் இது. சோமாலி எல்லைல ஒரு கடை போட்டு வளரணும்னா எந்த ஊரு? என்னைப் பொறுத்தவரை போட்டி ரெண்டு ஊருக்குத்தான்.

முதல்ல வஜாலே. முழுப் பேரு தொக் வஜாலே, தொக்னா சோமாலில மழை பேஞ்சா மட்டும் தண்ணி ஓடுற காட்டாறு. சோமாலியால இருந்து பிரிஞ்சு தனியா நடக்குற சோமாலிலாந்துக்கும் எத்தியோப்பியாவுக்கும் நடுவுல இருக்கு, ரெண்டு பக்கமும் ஊரு, ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பேரு. சுத்தி எல்லாம் கரிசல் மண்ணு, மழை வந்தா லாரி டயர விடவே விடாது, நம்ம கோவில்பட்டி பக்கம் ஆளுங்களுக்கு சொல்லவே வேணாம்.

ஆனா அந்த ஊரோட பலம் மண்ணுல இல்ல, முதுகுக்குப் பின்னாடி இருக்கு. 250 கிலோமீட்டர் தள்ளி பெர்பெரா துறைமுகம், 2016ல துபாயோட துறைமுகக் கம்பெனி டிபி வேர்ல்டு ஒப்பந்தம் போட்டு 2021ல புது கண்டெய்னர் டெர்மினல் திறந்தாங்க, அங்கிருந்து வஜாலே வரைக்கும் ரோட்டுக்கு அபுதாபி காசு. முன்னாடி பாத்தா எத்தியோப்பியா, 12 கோடிக்கு மேல ஜனம், 1993ல எரித்ரியா பிரிஞ்சதுல இருந்து கடலே கிடையாது, சரக்கு பெரும்பாலும் பக்கத்து நாடு ஜிபூட்டி வழியாத்தான் வரணும், டாலர் தட்டுப்பாடு வேற, சுங்கவரி வேற. அதனால பெர்பெரால இறங்குன சட்டையும் பாஸ்தாவும் எலக்ட்ரானிக்ஸும் எல்லைக் கோட்டைத் தாண்டி எத்தியோப்பியாவோட ஜிஜிகா ஊருக்குப் போனா விலை ஏறிடும். இதுல கடைக்காரனுக்கு ஒரு சூட்சுமம் இருக்கு, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவரைக்கும் அது இறக்குமதி சரக்கு, தாண்டிட்டா கடத்தல் சரக்கு, ஜிஜிகா ரோட்டுல புடிச்சா போறது வாங்குனவன் காசு. இந்தப் பக்கம் கல்லால உக்காந்திருக்கிறவன் அதுக்கு முன்னாடியே பணத்தை எண்ணி உள்ள வெச்சிருப்பான்.

எதிர்த்திசைல வர்றது காத், மென்னா கிறுகிறுப்பு தர்ற இலை, அவங்க பாஷைல ஜாத். எத்தியோப்பியால ஹரார் பக்கம் அவதாய்ல ஏத்துன இலை வாடுறதுக்குள்ள சோமாலிலாந்து தலைநகர் ஹர்கெய்சா மார்க்கெட்டுக்குப் போயாகணும், அதனால அந்த வண்டிங்க போற வேகத்துக்கு ரோட்டுல எல்லாரும் ஒதுங்கி வழி விட்ருவாங்க. அப்புறம் ஆடு மாடு, எத்தியோப்பியா பக்கத்து மேய்ச்சல் காட்டுல இருந்து வந்து பெர்பெரால கப்பலேறி ஹஜ் சீசனுக்கு சவுதி போகும். 2000ல கால்நடை நோய்க்குப் பயந்து சவுதி தடை போட்டப்ப 2009 வரைக்கும் அந்த வியாபாரம் படுத்தே கெடந்துச்சு. சோமாலி கால்நடைச் சந்தைங்கள்ல தரகரை திலால்னு சொல்லுவாங்க, துணிக்கு அடியில கை கோத்து விரலப் புடிச்சே விலை பேசி முடிச்சிடுவாரு, சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. நம்ம மாட்டுத்தாவணில துண்டு போட்டுப் பேசுறாங்களே அதேதான், யாரு யார்கிட்ட கத்துக்கிட்டாங்களோ!

வஜாலேவோட மைனஸ் காசுதான். டாலர், சோமாலிலாந்து ஷில்லிங், எத்தியோப்பிய பிர்ர் மூணும் கைமாறும், 2009ல வந்த ஸாத் மொபைல் மணி இருக்கிறதால டாலர் கணக்கு போன்லயே முடிஞ்சிரும், ஆனா எத்தியோப்பியாக்காரன் கட்டுக் கட்டா நீட்டுறது பிர்ருதான். 2024 ஜூலைல பிர்ர் மதிப்பை சந்தைக்கு விட்டாங்க, டாலருக்கு 57னு இருந்தது கொஞ்ச நாள்லயே 100ஐத் தாண்டிடுச்சு. கல்லாப்பெட்டில பிர்ர் சேத்து வெச்சிருந்தவன் நெலமைய நினைச்சுப் பாருங்க.

பெலெத் ஹாவோ கதையே வேற. சோமாலியா, கென்யா, எத்தியோப்பியா மூணும் முட்டுற மூலை, நடந்தே போற தூரத்துல கென்யாவோட மண்டேரா, தாவா ஆத்துக்கு அந்தாண்ட எத்தியோப்பியா. பேப்பர்ல பாத்தா அங்க வியாபாரமே நடந்திருக்கக் கூடாது, 2007லயே கென்யா சோமாலியா எல்லைய மூடிடுச்சு, 2015ல வேலி போட ஆரம்பிச்சாங்க, 2023 மே மாசம் திறக்குறோம்னு சொல்லி ரெண்டே மாசத்துல தாக்குதல் நடந்ததால தள்ளி வெச்சிட்டாங்க. ஆனா மண்டேராவுக்கும் நைரோபிக்கும் கிட்டத்தட்ட 1000 கிலோமீட்டர், வழியெல்லாம் பயம், அதனால மண்டேரா வீட்டு அடுப்புல வேகுற அரிசியும் பாஸ்தாவும் நிறைய மொகதிஷுல இறங்கி பெலெத் ஹாவோ வழியா வந்ததா இருக்கும். 2013ல கவுண்டி நிர்வாகம், அதாவது மாவட்ட அளவுல தனி நிர்வாகம் வந்தப்புறம் மண்டேராவுக்கு கென்யா அரசாங்கக் காசு நல்லா வருது, சம்பளக்காரன் கைல காசு இருந்தா இந்தப் பக்கத்துக் கடைக்கும் ஓடும். கென்யாவோட மொபைல் மணி எம்பெசா இருக்கு, ஆஸ்பத்திரி, ஸ்கூல்னா அந்தப் பக்கம் போயிடலாம், இந்த ஒரு விஷயத்துல வஜாலே கிட்டயே வர முடியாது.

பிரச்சனை என்னன்னா கேட் சாவி கென்யா கைல இருக்கு. போதாக்குறைக்கு அந்த ஊருக்கே ரெண்டு பேரு சொந்தம் கொண்டாடுறாங்க. 2021 ஜனவரில சோமாலியா மத்திய அரசுப் படையும் அதோட மாநிலமான ஜுபாலாந்து படையும் ஊருக்குள்ளயே சண்டை போட்டப்ப ஜனங்க மண்டேராவுக்கு ஓடுனாங்க. கடைய யாரு தூக்கிட்டு ஓடுறது?

தோப்லேங்கிற இன்னொரு எல்லை ஊரு பத்தி கேப்பீங்க, அது கிஸ்மாயு துறைமுகத்துல இருந்து கென்யாவோட லிபோய், கரிஸா பக்கம் சர்க்கரை போற வழி, 2011 வரைக்கும் அல் ஷபாப் தீவிரவாதிங்க கைல இருந்த ஊரு, எனக்கு அவ்வளவு தைரியம் இல்ல. கல்தொகோப்னு எத்தியோப்பியா எல்லைல இன்னொரு ஊரு, 1982ல எத்தியோப்பியா புடிச்சு வெச்சு, 1988 ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் சோமாலியாவுக்குத் திரும்பக் கெடச்சுது, இப்ப பொசாசோ துறைமுகத்துச் சரக்கு எத்தியோப்பியா போற ஒரு வழி, ஆனா பொசாசோ ரொம்ப தூரம்.

நான்னா வஜாலேலதான் போடுவேன். பிர்ர் வாங்குனா அன்னைக்கு சாயந்தரத்துக்குள்ள டாலரா மாத்திடுவேன். குடும்பத்தை மட்டும் ஹர்கெய்சால விட்டுட்டுத்தான் போவேன், ஏன்னா அந்தப் பக்கம் நிலத்தடித் தண்ணிய நம்ப முடியாது, பெர்காத்னு சிமெண்ட் தொட்டி கட்டி மழைத்தண்ணி புடிச்சு வெப்பாங்க, அது காலியானா கழுதை வண்டில வர்ற தண்ணிக்கு வாசல்லயே நிக்கணும்.